குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி: மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா?

வாழப்பாடிக்காரன் | பிப்ரவரி 12, 2023, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வாழப்பாடிக்குக் கிழக்கே எங்களுக்கு இரண்டரை ஏக்கர். முழுக்கக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிதான். முள்ளுவாடி ரகம், ஐப்பசியில் நட்டது. தை பிறந்ததில் இருந்து குருத்தெல்லாம் குட்டி முட்டைக்கோசு மாதிரிச் சுருண்டு நிற்கிறது. விரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு, அதற்குள் ரோஜா நிறத்தில் பூச்சி.

அப்பா இதுவரை மூன்று தடவை மருந்து அடித்துவிட்டார். முதலில் ஒன்று, அப்புறம் வேறொன்று, மூன்றாவது தடவை கடையில் கொடுத்த மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து. ஆள்கூலி, பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 2,000 ரூபாய்க்குக் குறையவில்லை. பதினைந்து நாள் பச்சையாக இருக்கும். இருபதாம் நாள் பழையபடி வெள்ளை.

செலவைச் சொல்லி அழ வரவில்லை. மூன்றாவது தடவை அடித்த அன்று மதியம் அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வாந்தி, ஊற்றுகிற வியர்வை, கண் மங்கல். மூக்கில் கட்டியிருந்தது வெறும் துண்டு. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது, "மேல்காட்டுக்கு யார்றா அடிக்கிறது?"

ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கென்று குளவி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவரிடம் சொன்னேன். "இருக்கிற பூச்சி பத்தாதுன்னு நீ வேற பூச்சி வாங்கிட்டு வர்றியா?" என்றார். மருந்தை நிறுத்தினால் பயிர் தாங்குமா? யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கடைத்தெரு | பிப்ரவரி 12, இரவு 10.25

தம்பி, ஆத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். என்னைத் திட்டுவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் அப்பா. நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து உடம்பில் ஏறினால் வருகிற தொந்தரவு. அது மூக்கு வழியாக மட்டும் ஏறாது, நனைந்த சட்டை வழியாகத் தோலிலும் ஏறும். இனி யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். முறிவு மருந்து என்ன என்று லேபிளிலேயே இருக்கும், டாக்டருக்குத் தேட வேண்டியதில்லை. டப்பாவில் முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு முக்கோணத்தை வெயிலில், வெறும் உடம்போடு அடிக்கிற ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன்.

இரண்டாவது, மூன்றையும் கலந்து கொடுத்தது தப்பு. மாவுப்பூச்சி மேல் மெழுகு பூச்சு உண்டு, அதோடு சுருண்ட குருத்துக்குள் ஒளிந்திருக்கிறது. மேலே படுகிற மருந்து அதைத் தொடவே தொடாது. வெளியே சுற்றுகிற பொறிவண்டு, சிலந்தி, குளவி எல்லாம் செத்துவிடும். இருபதாம் நாள் திரும்பி வருவது அதனால்தான்.

தெரிந்துமா விற்கிறீர்கள் என்று கேட்பீர்கள். கிழங்கு வெட்டும் வரை பத்து மாதம் கடன் கொடுப்பது என் கடைதான். கடன் வாங்க வந்தவர், அடித்தவுடன் பூச்சி செத்து விழ வேண்டும் என்கிறார். "பொறுங்கள், அடிக்காதீர்கள்" என்று சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பட்டுப்பூச்சி | பிப்ரவரி 13, காலை 6.10

ஓமலூர் பக்கம் பட்டு வளர்ப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி, உங்கள் அப்பா சிரித்தது போல 2010இல் எங்களையும் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்போது வந்தது பப்பாளி மாவுப்பூச்சி. 2008இல் கோயம்புத்தூரில் கண்டார்கள், இரண்டே வருஷத்தில் பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு, செம்பருத்தி, சாலையோரப் பார்த்தீனியம் வரை வெள்ளை பூசிவிட்டது. கிழங்குக்காரர்கள் மருந்து அடித்தார்கள். மல்பெரிக்காரர்களால் அதுவும் முடியாது. மருந்து பட்ட இலையைப் போட்டால் பட்டுப்புழு செத்துவிடும். தோட்டத்தையே வேரோடு பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. 2010இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து அசிரோபேகஸ் என்கிற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். கடுகை விடச் சின்னது. அடுத்த வருஷமே பூச்சியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இன்றும் அந்தக் குளவி இங்கேதான் இருக்கிறது, யாரும் அதற்குக் காசு கொடுப்பதில்லை.

உங்கள் காட்டில் இருப்பது வேறு பூச்சி. ரோஜா நிறம், குருத்துச் சுருட்டல் இரண்டையும் வைத்துப் பார்த்தால் மரவள்ளி மாவுப்பூச்சி. 2020இல் திருச்சூரில் முதலில் கண்டார்கள். விதைக் கரணையோடு, அதாவது நடுகிற குச்சியோடு, இங்கே ஏறி வந்துவிட்டது. இதில் ஆண் தேவையே இல்லை, பெண் ஒன்றே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆப்பிரிக்காவை எழுபதுகளில் பட்டினிக்குத் தள்ளிய பூச்சி இது. கிழங்கு தென் அமெரிக்காவில் இருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது, அப்புறம் பூச்சியும் போனது, பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற குளவி மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டது. அதைப் பராகுவேயில் தேடிப் பிடித்து ஆப்பிரிக்காவில் விட்டார்கள். அந்த வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே குளவியைத்தான், பெயர் அனகைரஸ் லோபெசி, பெங்களூரு பூச்சி வள மையம் பெனின் நாட்டில் இருந்து வரவழைத்தது. 2022 மார்ச் 7 அன்று முதன்முதலில் வெளியே விட்ட இடம் உங்கள் ஏத்தாப்பூர்தான். பக்கத்து ஊரில் வைத்துக்கொண்டு இங்கே வந்து கேட்கிறீர்கள்!

இயற்கைவழி | பிப்ரவரி 13, காலை 8.30

குளவிக்கெல்லாம் அலைய வேண்டாம் சகோ. நான்கு நாட்டு மாடு வைத்திருந்தால் போதும். பஞ்சகவ்யா 3 சதம், வாரம் ஒரு தடவை, பூச்சி எட்டிப் பார்க்காது. நம்மாழ்வார் ஐயா சொன்ன வழியை விட்டு வெளிநாட்டுக் குளவியைத் தேடுகிறோம். எடப்பாடியில் என் காட்டை வந்து பாருங்கள்.

தலைவாசல் தக்காளி | பிப்ரவரி 13, காலை 9.05

சகோ, கோபித்துக்கொள்ள வேண்டாம். பஞ்சகவ்யா நானும் அடிக்கிறேன். செடி தெம்பாக நிற்கும், பூ கூட வரும். ஆனால் அது ஊக்கி, பூச்சி மருந்து இல்லை. பூச்சி ஏறிய பிறகு பஞ்சகவ்யா அடித்தால் பூச்சிக்கும் சேர்த்துச் சத்து கொடுத்தது போலத்தான்.

"இயற்கை முறை எடுபடவில்லை" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் முறையை அரைகுறையாகச் செய்தவர்கள். நானும் அந்தப் பாதியில் இருந்தவன்தான். முதல் வருஷம் தக்காளியில் காய்ப்புழுவுக்குச் செண்டுமல்லி போட்டேன். பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டுமல்லி, அது வரை சரி. இரண்டையும் ஒரே நாளில் ஒரே வயது நாற்றாக நட்டேன். தக்காளி பூத்து, காய்த்து, புழு விழுந்து முடிந்த பிறகு செண்டுமல்லி சாவகாசமாகப் பூத்தது. தாய் அந்துப்பூச்சி முட்டையிட மஞ்சள் பூவைத் தேடி வரும், அந்த நேரத்தில் என் காட்டில் பூவே இல்லை. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேட்டபோது சொன்னார்கள்: 25 நாள் தக்காளி நாற்றோடு 45 நாள் செண்டுமல்லி நாற்றை நட வேண்டும். மறு வருஷம் அப்படி நட்டேன். ஆறு தடவை அடித்த இடத்தில் இரண்டு தடவையோடு நின்றது. செண்டுமல்லியை வ.உ.சி. பூ மார்க்கெட்டில் போட்டுக் கைச்செலவும் பார்த்தேன்.

வேப்பங்கொட்டைக் கரைசலும் அதே கதை. முதல் தடவை, மூன்று வருஷமாக மூட்டையில் கிடந்த கொட்டையை இடித்து, காலை பத்து மணி வெயிலில் அடித்தேன். ஒரு புழு சாகவில்லை. கொட்டை எட்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, பூஞ்சை பிடித்திருக்கக் கூடாது. பத்து லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ பருப்பு. நைசாக அரைக்காமல் ரவை பதத்தில் இடித்து, துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஊற வைத்து, காலையில் பால் மாதிரி வரும் வரை பிழிய வேண்டும். இரட்டைத் துணியில் வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும். காதி சோப்புக் கரைசல் சேர்த்தால்தான் இலையில் ஒட்டும். சாயங்காலம் அடிக்க வேண்டும், வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். அதுவும் புழு அன்றைக்கே சாகாது. தின்பதை நிறுத்தும், தோல் உரிக்க முடியாமல் நாலைந்து நாளில் போகும். மறுநாள் காலை போய்ப் பார்த்துவிட்டு "சாகலையே" என்று கடைக்கு ஓடினால் எந்தக் கரைசலும் தேறாது.

கெங்கவல்லி சோளம் | பிப்ரவரி 13, மாலை 7.50

எல்லாவற்றுக்கும் ஒரு குளவி வந்து காப்பாற்றும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்ததே, நினைவிருக்கிறதா? அந்த வருஷம் நான் குருத்தில் மணல் போட்டேன், முட்டைக் குவியலைத் தேடித்தேடி நசுக்கினேன், இனக்கவர்ச்சிப் பொறி கட்டினேன். ஒரு ஏக்கரில் ஆள் வைத்து முட்டை பொறுக்கினால் கூலி மருந்தை விட மேலே போகிறது. நாலு ஏக்கர் காட்டில் கடைசியில் மருந்துதான் அடித்தேன், வெட்கப்படவில்லை.

இப்போது செய்வது வேறு. கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, ஓரத்தில் தட்டைப்பயறும் எள்ளும். தேவைப்பட்டால் ஒரே ஒரு தடவை, அதுவும் புழு சின்னதாக இருக்கும்போது குருத்துக்குள் மட்டும். புழு பெருத்துவிட்டால் குருத்துக்குள் கழிவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், எதை அடித்தாலும் வீண். மருந்தே கூடாது என்கிறவர் பேச்சும் எனக்கு ஒத்துவராது, வாரா வாரம் அடி என்கிறவர் பேச்சும் ஒத்துவராது.

வாழப்பாடிக்காரன் | பிப்ரவரி 18, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. அப்பா இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னோடு சண்டையும் போடுகிறார்.

ஏத்தாப்பூர் போய் வந்தேன். குருத்தைக் கிள்ளிக் கொண்டுபோய்க் காட்டியதும் மரவள்ளி மாவுப்பூச்சிதான் என்றார்கள், பட்டுப்பூச்சி ஐயா சொன்னது சரி. கடைசியாக மருந்து அடித்து மூன்று வாரமாவது போகட்டும், அப்புறம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவரை நன்றாகச் சுருண்ட நுனியைக் கிள்ளிச் சாக்கில் போட்டு எரிக்கச் சொன்னார்கள்.

நேற்று அம்மாவும் நானும் கிள்ளினோம். ஒரு சந்தேகம். சில குருத்தில் மற்றதை விட மூன்று மடங்கு பெரிய மாவுப்பூச்சி இருந்தது. மேலெல்லாம் வெள்ளைக் குஞ்சம் தொங்க, வேகமாக நகர்ந்தது. தாய்ப்பூச்சி என்று நினைத்து ஒவ்வொன்றாக நசுக்கினேன். நாற்பது ஐம்பது இருக்கும். படம் போட்டிருக்கிறேன்.

மலைக்காடு | பிப்ரவரி 18, இரவு 9.00

ஐயோ தம்பி, நசுக்காதீர்கள்! அது மாவுப்பூச்சியே இல்லை, பொறிவண்டின் குட்டி. மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து அதையே தின்னும். மாவுப்பூச்சி ஆமை மாதிரிதான் அசையும். படத்தில் இருப்பது ஓடுகிறது பாருங்கள், அதுதான் அடையாளம்.

ஏற்காட்டில் மஞ்சக்குட்டை பக்கம் நாலு ஏக்கர் காபி, சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி. எங்களுக்கு இந்த வண்டு பழைய சிநேகிதம். காபிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்கென்று 1898இலேயே ஆஸ்திரேலியாவில் இருந்து இந்த வகை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். செதில் பூச்சியை அவ்வளவாகக் கவனிக்கவில்லை, மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் நானும் நசுக்கியிருக்கிறேன், மாமியார் கையில் ஒன்று போட்டார்.

எங்கள் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அதற்கு ஒரு காலத்தில் தண்டெல்லாம் லிண்டேன் என்கிற பூச்சிமருந்தைப் பூசினார்கள். இன்றைக்கு அது தடை. இப்போது செய்வது கைவேலைதான். தேங்காய் நாரைக் கையில் சுற்றிக்கொண்டு தண்டின் உதிரிப் பட்டையைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடுவோம். வெடிப்பு இருந்தால்தானே அது முட்டையிடும். பட்டைக்கு மேல் விரல் ஓட்டினால் நரம்பு புடைத்தது போல ஒரு மேடு தட்டும், உள்ளே புழு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். காபியைப் பூக்க வைக்கிற பூ மழை வருவதற்குள் அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். ஏப்ரலில் அந்தப் புழு துளைப்பான் வண்டாகி இறக்கையோடு வெளியே வந்துவிட்டால் பக்கத்துக் காட்டுக்கும் சேர்த்துத்தான். நிழல் குறைந்த இடத்தில்தான் இது கூடுதல். மர வியாபாரிக்கு நிழல் மரத்தை வெட்டிக் கொடுத்தவர் காபியில் மூன்றாம் வருஷம் பாதிச் செடி போனது. வெட்டச் சொன்னது என் கொழுந்தனார்தான், இங்கே எழுதினேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

வாழப்பாடிக்காரன் | பிப்ரவரி 18, இரவு 9.20

அக்கா, சாப்பாடு இறங்கவில்லை. நல்ல வேளை மேல்காட்டுக்கு இன்னும் போகவில்லை.

வாழப்பாடிக்காரன் | மார்ச் 3, இரவு 9.30

குளவி விட்டாயிற்று. விரல் நீளத்துக்கு இரண்டு குப்பி, வாயில் துணி. உள்ளே மிளகுத் தூள் மாதிரி ஏதோ நகர்ந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் ஐந்தரைக்கு, பூச்சி அதிகமாக இருந்த நடுக்காட்டில் துணியை அவிழ்த்துக் குப்பியைச் செடியின் கவட்டையில் சாய்த்து வைத்தோம். அப்பா வரப்பில் நின்று பார்த்தார். "இதுக்குத்தான் ரெண்டு தடவை பஸ் ஏறினியா?" என்றார்.

இப்போது புதுச் சிக்கல். மேற்கே ஒட்டினாற்போல் பெரியப்பா காடு, அங்கேயும் கிழங்கு. அவர் பத்து நாளைக்கு ஒரு தடவை விசைத் தெளிப்பானில் அடிக்கிறார். காற்று அங்கிருந்து இங்கேதான் வீசுகிறது. பாகப் பிரிவினையில் இருந்து அப்பாவோடு பேச்சு இல்லை. நான் போய்ச் சொன்னால் நன்றாக இருக்குமா?

கடைத்தெரு | மார்ச் 3, இரவு 10.10

போங்கள் தம்பி. அடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டாம், சண்டைதான் வரும். காற்று இல்லாத விடியற்காலையில் அடிக்கச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் பத்து வரிசையை விட்டுவிடச் சொல்லுங்கள். அவருக்கும் மருந்து மிச்சம். அடுத்த போகத்தில் மேற்கு வரப்பில் நாலு வரிசைச் சோளம் போட்டுவிடுங்கள், சாரலைத் தடுக்கும்.

பட்டுப்பூச்சி | மார்ச் 4, காலை 5.55

குப்பிகளை எடுத்துவிட வேண்டாம், இரண்டு நாள் இருக்கட்டும். தண்டில் எறும்பு வரிசை போகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி விடுகிற இனிப்புக் கழிவுக்காக எறும்பு காவல் நிற்கும், குளவியை அண்ட விடாது. புற்று இருந்தால் கிளறிவிடுங்கள்.

இன்னொன்று. தினமும் போய்ப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வாரம் ஒரு நாள், காட்டின் நாலு மூலையிலும் நடுவிலும் நாலு நாலு செடி, மொத்தம் இருபது. எத்தனை நுனி சுருண்டிருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். கண் பார்வையில் எல்லாம் மோசமாகத்தான் தெரியும், நோட்டில் நிஜம் தெரியும்.

வாழப்பாடிக்காரன் | ஏப்ரல் 23, இரவு 9.10

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். நோட்டில் இருப்பதை அப்படியே போடுகிறேன். இருபதில் சுருண்ட நுனி: மார்ச் 5 அன்று 14, மார்ச் 12 அன்று 15, 19 அன்று 15. அந்த வாரம்தான் அப்பா கடைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுவிட்டார். அம்மா வண்டிச் சாவியை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தார். 26 அன்று 12. ஏப்ரல் 2 அன்று 9. 16 அன்று 5. இன்று 4.

நடுவில் இரண்டு கோடை மழை நன்றாகப் பெய்தது. மழை அடித்தாலும் மாவுப்பூச்சி குறையும் என்று தெரியும். ஆகவே எவ்வளவு மழை, எவ்வளவு குளவி என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மழைக்கு முன்பே, மார்ச் கடைசியில் ஒரு குருத்தைப் பிரித்தபோது, வெள்ளை மாவுக்கு நடுவில் பழுப்பாக, பார்லி அரிசி மாதிரி உப்பிய ஓடுகள் இருந்தன. தட்டினால் காலி. ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஊசியால் குத்தியது போல வட்டமாக ஓர் ஓட்டை, குளவி வெளியே வந்த வழி. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதையே பூதக்கண்ணாடியாகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் டீக்கடையில் யாரிடமோ அதை விளக்கிக்கொண்டிருந்தாராம்.

விளைச்சல் எப்படி என்று ஆவணியில் வெட்டினால்தான் தெரியும். தை மாதம் சுருண்டு நின்ற செடிகளில் கணு நெருங்கிப்போய்விட்டது. அதில் கிழங்கு சிறுத்துத்தான் இருக்கும், சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்டும் குறையும். அந்த நஷ்டம் நஷ்டம்தான்.

இயற்கைவழி | ஏப்ரல் 23, இரவு 9.45

மகிழ்ச்சி சகோ. குளவியைப் பற்றி நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். எடப்பாடியிலும் மாவு ஏறியிருக்கிறது. குப்பிக்கு ஏத்தாப்பூரில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமா?

தலைவாசல் தக்காளி | ஏப்ரல் 23, இரவு 9.50

பஞ்சகவ்யாவும் அடித்துக்கொண்டே இருங்கள் சகோ, குளவிக்குத் தெம்பு வேண்டுமே!

வாழப்பாடிக்காரன் | ஏப்ரல் 23, இரவு 10.05

சொல்லி வையுங்கள் சகோ, ஒருநாள் முன்னால் போன் செய்தால் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். இன்று காலை பெரியப்பா வரப்பு வரை வந்தார். அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "அந்த ஓட்டை போட்ட பூச்சி இருக்கிற கொப்பு நாலு கிள்ளித் தர்றியா, என் காட்டுல கட்டிப் பார்க்கறேன்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா, "மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சுன்னு கேளுடா" என்றார். "பன்னண்டு நாளு" என்றார் பெரியப்பா. "இன்னும் பத்து நாள் கழிச்சு வரச் சொல்லு" என்றார் அப்பா.